முட்டைக்கோஸுக்கு வைத்த பீர்

முட்டைக்கோஸ் வளர்த்திருக்கிறீர்களா, ஐயா? வெயிலில் வாடும், மழையில் அழுகும். இரண்டுக்கும் தப்பி, இலை மடிந்து உருண்டு வரும் நேரத்தில் நத்தை வந்துவிடும். ஓடு இல்லாத, வழவழப்பான நத்தை. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் சல்லடையாகியிருக்கும்.

தங்கை வீட்டின் பின்பக்கத்து அறையில் நான் குடியிருக்கிறேன். எனக்கென்று குடும்பம் இல்லை. அந்தத் தோட்டம்தான். உப்புப் போடச் சொன்னார்கள். ஒருமுறை போட்டேன். நத்தை நுரைத்துச் சுருண்டதைப் பார்த்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் கடவுள் படைத்த உயிர்தானே. முட்டை ஓட்டை நொறுக்கித் தூவினேன், சாம்பல் போட்டேன். ஒரே மழையில் கரைந்து போயிற்று. கடைசியில் விதைக்கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"ஒரு கிண்ணத்தை மண்ணுல பதிச்சு பீர் ஊத்தி வைங்க. வாசனைக்கு அதுங்களா வந்து விழும். உங்க கையில பாவம் ஒட்டாது."

பாவம் ஒட்டாது என்றது எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் மாலையில் பீரை மாற்ற வேண்டும். குனிந்தால் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதனால் தங்கையின் புருஷனிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். அவன் பெயின்டர். முன்பெல்லாம் குடித்துவிட்டு வந்து கதவை உதைப்பான். தங்கை அழுதுகொண்டே என் அறைக்கு ஓடி வருவாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தால்தான் தூங்குவாள். பிறகு அவன் குடியை அடியோடு விட்டுவிட்டான். நல்ல விஷயம்தான். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் அறைக்குச் சாப்பாடு வருவதுதான் கொஞ்சம் தாமதமாயிற்று. வேறு ஊரில் வீடு பார்ப்பதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் என் பெயர் வரவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன மச்சான், ஆள் பார்த்துத்தான் வேலை குடுக்கறீங்க" என்று சிரித்தான். "நத்தைக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்லையே."

"உன்னை நம்பாம வேற யாரை நம்புவேன், மாப்ளே?"

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊற்றுவான். நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். கிண்ணத்துக்குப் போனது போக ஒரு சொட்டும் குறைந்திருக்காது. வாரக்கணக்கில் பார்த்தேன்.

அப்புறம் நானே கொஞ்சம் சாக்கடையில் கொட்டினேன். தங்கையிடம், "பாட்டில் குறையற மாதிரி இருக்கு. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ. நீ அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுக்காதம்மா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் வாசலில் கால் வைத்ததும் தங்கை அவன் சட்டையை மோந்து பார்த்தாள்.

"இது பெயின்ட் தின்னர் நாத்தம்டி."

"இத்தனை வருஷமா இல்லாத தின்னரு இப்ப எங்கேருந்து வந்துச்சு? யார் காதுல பூ சுத்தறீங்க?"

என் அறைக்கு எல்லாம் கேட்கும். அவளுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டேன்.

ஒருநாள் விடியற்காலையில் அவன் பாத்தியில் மண்டியிட்டு, காலி பெயின்ட் டப்பாவில் நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "பாட்டிலே வேண்டாம் மச்சான். தினமும் நானே பொறுக்கித் தூரக் கொண்டுபோய் விட்டுடறேன். உங்க முட்டைக்கோஸுக்கு நான் பொறுப்பு" என்றான். விரல் முழுக்கப் பிசுபிசுப்பு. கால்சட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தான். தங்கமான மனசு. நல்லா இருப்பா என்று வாழ்த்தினேன். அன்று மாலை புதுப் பாட்டில் வாங்கி வந்தேன்.

அவன் விழுந்த நாள் காலையில் வீட்டில் பெரிய சண்டை. "சத்தியம் பண்ணாதீங்க. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு" என்று தங்கை கத்தினாள். அவன் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். நான் டம்ளரை நிரப்பி அவன் பக்கத்தில் வைத்தேன்.

"குடிக்காமலே திட்டு வாங்கறே, மாப்ளே. குடிச்சுட்டுத்தான் வாங்கேன்."

அவன் என்னையே வெகுநேரம் பார்த்தான். பிறகு குடித்தான். மறுபடி நிரப்பினேன். அன்று மூன்றாவது மாடிக்குச் சாரம் ஏற வேண்டும் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான். ஆமாம், எனக்குத் தெரியும். பத்திரமாப் போயிட்டு வா என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

காரியமெல்லாம் முடிந்தபின், "கடைசியில குடிச்சேதானே செத்தாரு" என்று தங்கை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். இறந்தவனைத் திட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மனசு ஆறட்டும் என்று நான்தான் சொன்னேன், குடியை விட்டபின் அன்றுவரை அவன் ஒரு சொட்டும் தொட்டதில்லை, கொட்டியது நான், ஊற்றிக் கொடுத்ததும் நான் என்று. அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்தாள் என்கிறீர்கள். இருக்கட்டும், துக்கத்தில் இருப்பவள். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான், நான் ஒன்றையும் மறுக்கவில்லை. கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள், ஐயா. பொழுது சாய்கிறது. தங்கை அழுதுகொண்டு வந்து என் அறைக் கதவைத் தட்டும் நேரம். திறக்க ஆள் வேண்டாமா?