கணக்குப் போட்டு எடுத்த கவுன்

அதெல்லாம் இல்லம்மா, தப்பு உங்க கடை அளவுச் சீட்டுல. என் கணக்குல இல்ல. முப்பது வருஷம் கப்பல்ல வழி கணிச்சவன்மா நான்! நடுக்கடல்ல ரோடா இருக்கு, போர்டா இருக்கு? கடைசியா நிச்சயமாத் தெரிஞ்ச எடம், போற தெச, வேகம், ஆன நேரம்... இத வச்சி, இப்ப இங்கதான் இருக்கோம்னு படத்துல புள்ளி வைக்கணும். டெட் ரெக்கனிங்னு பேரு. செத்துப்போற டெட்டுதான், பயப்படாத. அந்தக் காலத்துல ஒரு கட்டையத் தண்ணில போடுவாங்களாம். அது செத்த மாதிரி அசையாமக் கெடக்கும், அதத் தாண்டற வேகந்தான் கப்பலோட வேகம். அதனாலதான் அந்தப் பேருங்கறான் ஒருத்தன். இல்ல, 'டிடியூஸ்ட்', அதாவது கணிச்சதுங்கற இங்கிலீஷ் வார்த்தையோட சுருக்கம்ங்கறான் இன்னொருத்தன். இதுக்காக எங்க கேப்டனும் சமையக்காரரும் ரெண்டு நாள் பேசிக்கல...

அந்தக் கவுன மடிச்சி உள்ள வைக்காத, பேசிட்டிருக்கேன்ல.

பேத்திய நான் கடைசியாப் பாத்தப்ப மூணு வயசு. ஓடியாந்து என் பெல்ட்டப் புடிச்சா, தல சரியா பெல்ட்டுக்கு வந்துது. அதான் தெரிஞ்ச எடம். வருஷத்துக்கு ரெண்டு அங்குலம், நாலு வருஷம்... புள்ளி வச்சேன், இங்கயே கவுன் எடுத்தேன், அனுப்பிட்டேன். மக போன் பண்றா. நாலு வருஷத்துல மொதப் போன்மா அது! "அப்பா, கவுன் சட்ட மாதிரி நிக்குது"ங்கறா.

இந்தக் கப்பல் கணக்குல ஒரு கோளாறு உண்டு. அடில ஓடற நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதச் சேக்கலேன்னா, நாளாக நாளாக புள்ளி தள்ளிட்டே போயிடும். புள்ள அப்பன் ஒசரத்துக்கு வளரும்ல... அத நான் சேக்கல. ஆறடி மூணங்குலம்மா அவரு. மக அவரத்தான் கட்டிக்குவேன்னப்ப, "இந்த நெட்டக்கொக்கு நம்ம வாசல்ல குனியாம நொழைய முடியாது, வேணாம்"னு சொன்ன புத்திசாலி யாரு? நான்தான். பேத்தி பெல்ட்டப் புடிச்சாளே, அன்னிக்கு அவரும் வாசல்ல நின்னாரு. ஒரு "வாங்க" சொல்லாம பேப்பர் படிச்சேன். அதயும் தலகீழாப் புடிச்சிருந்தேனாம், என் சம்சாரம் இன்னும் சொல்லிக் காட்டறா. அதோட அவங்க வரல. நானும் போகல. எனக்குத்தான் வீராப்பாச்சே!

என்னது, அளவெடுக்கப் புள்ள வேணுமா? அதோ... கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வெயில்ல, அப்பா கையப் புடிச்சிட்டு நிக்குது பாரு. கவுன மாத்தி எடுக்கச் சொல்லி மகதான் அனுப்பிருக்கா. நான் கூப்பிடாம அவரு உள்ள வர மாட்டாரு. கரை கண்ணுல பட்டா பழைய கணக்க அழிச்சிடணும்மா, அதான் எங்க சட்டம்... இருந்தாலும் நீயே ஒரு பெரிய கவுனா எடுத்துக்... எங்கம்மா போற? கதவத் தெறக்காத... ஏம்மா... பாக்கறாரே...

வாங்க மாப்ள.

மேல இடிக்கும், கொஞ்சம் குனிஞ்சி... உள்ள வாங்க.