பகலில் தின்ன வேண்டிய கீரை

காலையில் மத்திகிரிக்குப் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில், நைட் ஷிஃப்ட் முடித்த இரண்டு பெண்கள் கம்பெனி யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

“எனக்குத்தான் பகலே கெடையாதே, இத எப்பத் திங்கறது?” என்றாள் மூத்தவள்.

“ஏங்க்கா, கீர திங்கணுமா?”

“ரத்தம் ரொம்பக் கம்மியாம், தினம் கீர சாப்பிடுன்னாரு டாக்டரு.”

“வீட்டுக்குப் போனதும் பொரிச்சுச் சாப்ட்டுப் படுங்க.”

“கீர தின்னுட்டுத் தூங்கினா செரிக்காதுன்னு மாமியாரு விடாது.”

“தூங்கி எந்திரிச்சு?”

“எந்திரிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது. வெளக்கு வெச்சப்பறம் கீர ஆகாது.”

“ஞாயித்துக்கெழம லீவுதானே?”

“அன்னிக்குக் கறி எடுப்பாங்க. கறியும் கீரையும் சேரக் கூடாதாம்.”

மத்திகிரி வந்துவிட்டது. எழுந்த மூத்தவள் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் கீழே விழுந்த கீரைக்கட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“அப்பறம் எதுக்குக்கா தினம் வாங்கறீங்க?”

“மாமியாரு மத்தியானத்துக்கு ஆக்கும். அவரும் புள்ளைங்களும் நல்லாச் சாப்புடுவாங்க. என்னத் தவிர எங்கூட்ல எல்லாருக்கும் ரத்தம் நல்லா இருக்குது, பாப்பா.”