வரிசை கலையக் கூடாது

உங்கள் மேசை விளக்கின் வயர் உரிந்து கிடக்கிறது. ஈரக் கையோடு தொட்டுவிடாதீர்கள். என் மனைவி இங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். "எங்க போனாலும் உங்க கண்ணு அதுலதான் போய் நிக்கும்" என்பாள். படுத்த பிறகும் எழுந்து போய் காஸ் மூடியிருக்கிறதா என்று நான் பார்ப்பதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்கள் முன்னால் என்னை ஓட்டுவாள்.

பள்ளியில் வேதியியல் செய்முறை வகுப்பு என் பொறுப்பு. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'கண்ணாடி சார்'. நான் கண்ணாடி அணிவதில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாத யாரையும் ஆய்வகத்துக்குள் விடமாட்டேன், அதனால் வந்த பெயர். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே அனுப்புவேன். கடைசி ஆள் வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஒருவன் அமிலத்தோடு திரும்பும்போது இன்னொருவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பின்கதவை அலமாரி மறைத்திருந்தது. கண் கழுவும் குழாய் முன்பு உள்ளேதான் இருந்தது. ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி விளையாடித் தரையை வழுக்க வைத்தார்கள் என்று நான்தான் அதை வராந்தாவுக்கு மாற்றச் சொன்னேன். உள்ளே வேறு குழாய் கிடையாது.

அந்த அறையில் ஒருநாளும் நான் நிம்மதியாக இருந்ததில்லை. பயம்தான், ஒளிப்பானேன். எந்தக் கை எந்தப் புட்டியைத் தட்டிவிடும் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். வகுப்பு முடிந்து கதவைத் திறக்கும்வரை உட்காரவே மாட்டேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் வேடிக்கை. நான் விதிகளைச் சொல்லச் சொல்ல, பின்னால் ஒருவன் என் குரலிலேயே பேசிக் காட்டுவான்.

ஒரு வருடம் ஒரு பையன் சூடான கண்ணாடிக் குழாயைக் கையால் எடுத்து உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டான். அது தானாக நடந்தது. அதன் பிறகு அந்த வகுப்புப் பிள்ளைகள் தங்கமாக மாறிவிட்டார்கள். அடுத்த வருடம் புதிய பிள்ளைகள் வந்தார்கள், பழைய சிரிப்பும் கூடவே வந்தது. அந்த முறை சூடான குழாயை மேசையில் வைத்தது நான். தடுப்பூசி போட்டாலும் குழந்தை அழத்தான் செய்கிறது. அதற்காக யாரும் போடாமல் இருப்பதில்லை.

பிறகு வருடத்துக்கு ஒருவர். ஆனால் சேட்டைக்காரனுக்குக் காயம் பட்டால் மற்றவர்கள் பயப்படுவதில்லை. "அவனுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். பயம் நெஞ்சில் தங்க வேண்டும் என்றால், ஒரு தவறும் செய்யாத பிள்ளைக்கு அது நடக்க வேண்டும்.

இந்த வருடம் அப்படி ஒரு பெண் இருந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டி, கையுறையைச் சரிபார்த்து, பக்கத்தில் இருப்பவர்களையும் அதட்டுவாள். மற்றவர்கள் அவளைக் 'குட்டி சார்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும். கடைசி மேசையில் அவள் இடத்தில் இருந்த புட்டியில், நீர்த்த அமிலத்துக்குப் பதில் அடர் அமிலத்தை ஊற்றி வைத்தேன். சோதனைக் குழாயில் இருக்கும் கரைசலோடு கலக்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போட்டிருப்பாள், மணிக்கட்டில் கொஞ்சம் படும். என் கணக்கு அவ்வளவுதான்.

அவளுடைய தோழி, 'நெட்டை' என்பார்கள், அன்று கண்ணாடி கொண்டுவரவில்லை. என் சோதனை முடிந்து உள்ளே போனவர்கள், தங்கள் கண்ணாடியை ஜன்னல் கம்பி வழியாக வெளியே நிற்பவர்களுக்கு நீட்டுவதுண்டு. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. அன்று நீட்டியது குட்டி சார். நெட்டை அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் உள்ளே விட்டேன். கதவைப் பூட்டினேன்.

இதைத்தான் நீங்கள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், பார்த்தேன். கடைசி மேசையில் குட்டி சார் வெறும் கண்ணோடு தலையைக் குனிந்து நின்றதையும் பார்த்தேன். புட்டியை எடுத்துவிட நேரம் இருந்தது. என்னைப் போலவே இருந்த பெண் இப்படி ஏமாற்றினாளே என்று மனசு விட்டுப்போயிற்று. அவளாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை.

அலறல் கேட்டதும் எல்லோரும் கதவுக்கு ஓடினார்கள். ஓடாதீர்கள் என்றேன். முதல் மேசையிலிருந்து வரிசையாக வாருங்கள் என்றேன். அதைத்தான் மாதாமாதம் பழக்கியிருந்தேன். நின்றுவிட்டார்கள். அத்தனை வருடத்தில் முதல்முறையாக என் பேச்சை ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

நெட்டை மட்டும் அவளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், தண்ணி வேணும் சார், கதவத் தொறங்க சார்" என்று என் சட்டையைப் பிடித்தாள்.

"உங்க மேசை முறை வரும். பின்னாடி போய் நில்லுங்க" என்றேன்.

வரிசை நேராகும்வரை நான் சாவியை எடுக்கவில்லை. திறந்த பிறகும் ஒவ்வொருவராகத்தான் அனுப்பினேன். கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் கசக்கவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் இறுக்கிக்கொண்டு கடைசியில் நின்றாள். "நான் நிக்கிறேன் சார். சீக்கிரம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றைப் பற்றி டாக்டர்கள் வாயே திறக்கவில்லை என்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது. ஆனால் அன்று யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் மிதிபடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அமிலத்தை மாற்றியது நான், கதவைப் பூட்டியது நான், அவளை வரிசையில் நிற்க வைத்ததும் நான். ஒன்றையும் மறுக்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் இந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறீர்கள். நேற்று நெடுநேரம் தட்டினேன், யாரும் வரவில்லை. உள்ளே ஓர் ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் அவன் என்ன செய்வான்?