ஒரு வரி மாற்றம்

ஒரே கணினியில், நிரல் உருவாக்கும் ஒரு கருவித்தொகுப்பின் இரண்டு பதிப்புகளை வைத்திருப்பது பெரிய வித்தையில்லை. ஒரே குளிர்ப்பெட்டியில் பழைய கிம்ச்சி ஊறுகாயும் புதுக் கிம்ச்சியும் இருப்பது போலத்தான். எந்த மூடியைத் திறக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

தென்கொரியாவின் வொன்ஜு நகரில் எங்கள் நிறுவனம் செய்வது, அறுவை முடிந்தவர்களுக்கு வலிமருந்து ஏற்றும் பம்பு. அதற்குள் ஓடும் நிரலைப் பழைய மாடலுக்குப் பழைய பதிப்பிலும், புது மாடலுக்குப் புதுப் பதிப்பிலும் உருவாக்க வேண்டும். புது மாடலுக்குப் பழையதைப் போட்டால் தசமப் புள்ளியை விழுங்கிவிடும். இரண்டரை, இருபத்தைந்தாகும். அந்தக் கணினியை நான்தான் பார்த்துக்கொண்டேன். பதிப்பை மாற்ற எல்லோரும் என் மேசைக்கு வருவார்கள். வரும்போது காபி வாங்கி வருவார்கள்.

பிறகு பியன் ஹாரிம் குழுத் தலைவியாக வந்தாள். என்னைவிட மிகவும் இளையவள். மாடலின் பெயரைக் கொடுத்தால் சரியான பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன நிரல் எழுதினாள். நல்ல நிரல்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கில் சார், இனிமே உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நிம்மதியா நூடுல்ஸ் சாப்பிடுங்க."

"சாரை மியூசியத்துல வெச்சிடலாம்," என்றான் ஒருவன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றே அவளுடைய நிரலில் ஒரு வரியை மாற்றினேன். திரையில் புதுப் பதிப்பு என்று காட்டும். உள்ளே பழையதை எடுக்கும். அவள் ஒருமுறை சறுக்கினால் போதும் என்று நினைத்தேன். சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டுமே என்கிறீர்கள். சோதனை என் பொறுப்பு. தேறியது என்று நான்தான் அனுப்பினேன்.

தேகு நகரில் ஒரு மருத்துவமனையில், முழங்கால் அறுவை முடிந்த பெண்மணி ஒருவர் தூக்கத்திலேயே மூச்சு நின்று இறந்தார். நர்ஸ் அளவைத் தவறாகப் பதிந்திருப்பார் என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஹாரிமுக்கு மட்டும் சந்தேகம். வீட்டுக்கே போகாமல் தேடினாள். திரையில் பதிப்பு சரியாக இருக்கும். மறுபடி முதலிலிருந்து பார்ப்பாள். நான் வழக்கம்போல ஆறு மணிக்குக் கிளம்பினேன்.

அடுத்து ஒரு பள்ளி ஆசிரியர். அதற்கடுத்து, குடல்வால் எடுத்த ஒரு சிறுமி.

அதன் பிறகுதான் ஹாரிம் என்னிடம் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சார், எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க ஒரு தடவை பாருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இதை முதல்லயே கேட்டிருக்கலாமே, டீம் லீடர்."

உட்கார்ந்தேன், சரிசெய்தேன். எதையும் தேடாமல் நேராக அந்த வரிக்குப் போனதை அவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அதனால்தான் இன்று இந்த விசாரணையில் உங்கள் முன்னால் இருக்கிறேன்.

மூன்று பேரையும் என் தலையில் கட்டுகிறீர்கள். முதலாமவரை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இருவரைப் பற்றி ஹாரிமிடம் கேளுங்கள். அவள் அன்றே வந்து கேட்டிருந்தால், அன்றே சொல்லியிருப்பேன்.