அவர் எழுதிய ஏழாம் அத்தியாயம்

மேடையில் வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே, இயக்குநர்களே, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அலுவலகச் சொந்தங்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! இந்த மண்டபத்தில் எத்தனையோ பாராட்டு விழாக்களில் பேசியிருக்கிறேன். இன்று நான் நிற்பது இரங்கல் கூட்டத்தில்.

தபால் அண்ணன் போய்விட்டார். வேளாண் வணிக அமைச்சகத்தின் முன்னாள் பதிவறைக் கண்காணிப்பாளர், நம் அமைச்சகத்தின் வரலாற்றை எழுதியவர், போயே விட்டார்!

அவர் பணியில் இருந்த காலத்தில் இந்த அமைச்சகத்தை வேளாண் துறை, வணிகத் துறை என்று இரண்டு முறை பிரித்தார்கள், இரண்டு முறை சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை எழுத ஆள் வருவார். "எழுத்தைச் சுரண்டாதீங்க, மேல ஒரு தகரத்தை அடிச்சு எழுதுங்க. எப்படியும் திரும்பச் சேத்துடுவாங்க" என்பார் அண்ணன். சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த வலி எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் பிரிவினை நடந்து பதினோராவது நாள். வேளாண் துறையிலிருந்து வணிகத் துறைக்கு ஒரு தாள் வந்தது. வடக்கு வட்டாரத்தில் பயிர் கருகிவிட்டது, தானியத்தை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று நான்கே வரி. இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான். பழைய பழக்கத்தில் கையால் கொடுத்தனுப்பிவிட்டார்கள். தனித் துறை ஆனபின் முகப்புக் கடிதம் வேண்டும் அல்லவா? அது இல்லை என்று தாளைத் திருப்பி அனுப்பினார் வணிகத் துறையின் தபால் பிரிவு எழுத்தர். விதிப்படி சரி! அந்தத் தாள் முகப்புக் கடிதத்தோடு திரும்பி வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் கப்பல்கள் கிளம்பிவிட்டன. அந்த வருடம் வடக்கே விதைக்கு வைத்திருந்ததை உலையில் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபின் சிலர் ஊரைவிட்டுப் போனார்கள், சிலர் உலகத்தைவிட்டே போனார்கள்.

அந்த எழுத்தர் தபால் அண்ணன்தான்.

அதன்பின் அவர் கையிலிருந்து ஒரு தாளாவது திரும்பிப் போனதுண்டா? ஒருமுறை ஒரு விவசாயி, முளைக்காத விதையைத் துணியில் முடிந்துகொண்டு வாசலில் நின்றார். "மனு எங்கே?" என்று நான் அதட்டினேன். "எழுதத் தெரியாதுங்க" என்றார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்குத் தெரியும், உக்காருங்க" என்று அவரே எழுதி, அவரே மூன்று அறைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எனக்கு அன்று முகம் செத்துப்போயிற்று.

ஓய்வுபெற்றபின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்காக வரலாறு எழுதினார். பன்னிரண்டு அத்தியாயம். ஏழாவதில் அந்தத் தாளின் கதை, தன் பதவியோடு, தேதியோடு. மலர்க் குழுவின் தலைவன் நான். நான்தான் அந்த அத்தியாயத்தை மலரிலிருந்து எடுத்தேன்.

"விழா நேரத்துல இது எதுக்குண்ணே? உங்க பேருதான் கெடும்" என்றேன்.

"என் பேரு கெட்டு அம்பது வருஷமாச்சு தம்பி. இன்னொருத்தன் அதே மாதிரி ஒரு தாளைத் திருப்பி அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். என் தப்பையாவது எனக்கு விட்டு வைங்களேன்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து படியிறங்கினார். அப்புறம் இந்தக் கட்டடத்துக்கு அவர் வரவே இல்லை.

நேற்று வீட்டுக்குப் போனபோது அண்ணி சொன்னார்: "உங்க மேல அவருக்குக் கோவமே இல்லீங்க. பாவம், வேலை நெருக்கடி, படிக்காம எடுத்துட்டான், படிச்சிருந்தா எடுத்திருக்க மாட்டான்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

அண்ணி, நேற்று உங்கள் முன்னால் தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று சொல்கிறேன். நான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

நம் அமைச்சகத்துக்கு வரலாறு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பத்தொன்பது நாளையும் சேர்த்துத்தான். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகும் பிரதியில் ஏழாம் அத்தியாயம் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கும். கீழே என் கையெழுத்து இருக்கும். செயலாளர் அவர்களே, கூடாது என்றால் இந்தச் சபையின் முன் இப்போதே சொல்லுங்கள். நீங்கள் பதில் சொல்லும்வரை நான் இந்த ஒலிவாங்கியை விட்டு நகரப் போவதில்லை.