ராஜாவின் வலக்கால்

அரமும் ரம்பமும் அன்றாடம் ஏந்தி, ஆளில்லா ஆடைகளுக்கெல்லாம் ஆள் தந்த அண்ணலே! கையில் ரம்பம் இருந்தும் ஒருநாளும் எங்களிடம் ரம்பம் போடாத பண்பாளரே! பழைய உடைகளைப் பேணும் எங்கள் ஆடைக் காட்சிக்கூடத்தின் பொம்மைத் தச்சரே, எங்கள் எல்லோருக்கும் பெரியண்ணனே! பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி, வேண்டாம் வேண்டாம் என்று தாங்கள் தடுத்த இம்மடலைத் தங்கள் பேச்சை மீறியே வாசிக்கிறோம்.

துணிக்கடைப் பொம்மைக்குப் படைத்தவனே தராத இடையும் தோளும் உண்டு. மனிதர் உடுத்திய உடையோ மனிதரைப் போலவே கோணலும் குறுகலுமாய் வரும். "துணிய வெட்டாதே, பொம்மைய வெட்டு" என்பதே தங்கள் வேதம். தொந்தி வைத்தீர்கள், தோள் இறக்கினீர்கள், கூன் கொடுத்தீர்கள். ஊசிமுனையளவும் உடையை வருத்தியதில்லை. இவற்றையெல்லாம் எழுதிக் காட்டியபோது, "அதெல்லாம் கிடக்கட்டும். ராஜா காலைக் குப்பையில போட்டவனுக்கு எதுக்குப்பா பாராட்டு?" என்று எழுந்து போனீர்கள். ஆகவே அதையே சொல்லிவிடுகிறோம்.

நாடக மேடையில் நெடுங்காலம் ராஜாவாகவே வாழ்ந்து மறைந்த நடிகரின் உடையை, அவர் மனைவி இவ்வாண்டு நம்மிடம் ஒப்படைத்தார். காலோடு ஒட்டும் பட்டுக் காற்சட்டையின் வலக்காலுக்குள் பழுப்பேறிய பஞ்சுப் பொதி ஒன்று இருந்தது. பெட்டிக்குள் துணி மடங்காதிருக்க எவரோ திணித்த அடைப்பு என்று எண்ணினீர்கள்; பழம்பஞ்சில் பூச்சி சேருமென்று, வழக்கம்போல் எடுத்தெறிந்தீர்கள். பொம்மைக்கு இரு கால்களையும் ஒன்றுபோல உருட்டித் திரட்டி நிறுத்தினீர்கள். ராஜான்னா ராஜாதான் என்று நாங்களும் சுற்றி நின்று கைதட்டினோம்.

காட்சித் திறப்பு நாளில் வந்த நடிகரின் மனைவி, அந்த அம்மா, பொம்மையின் காலை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "உள்ள ஒரு பஞ்சு இருந்துச்சே, எங்க? அவருக்குச் சின்ன வயசுலயே வலது கால் சூம்பிப் போச்சு. வெளியே தெரியக் கூடாதுன்னு நான் தெச்சுக் குடுத்தது அது" என்றார். தங்கள் முகம் செத்துப்போனது. பின்வாசல் குப்பைத் தொட்டிகளை வெறுங்கையால் கிளறினீர்கள். வண்டி எப்போதோ அள்ளிப் போயிருந்தது. அந்த வெட்கம் தங்களுடையது மட்டுமன்று, ஐயனே. தட்டிய கைகள் எங்களுடையவை.

மறுநாளே அப்பொம்மையின் வலக்காலை அறுத்து, அராவி, உப்புத்தாள் தேய்த்துச் சூம்ப வைத்தீர்கள். உதவ வந்த எவரையும் அண்டவிடவில்லை. அம்மா தம் கணவரின் பழைய சட்டைத் துணியில் புதிதாய் ஒரு பஞ்சுப்பொதி தைத்து வந்து, அந்தக் காலில் தாமே கட்டினார். காற்சட்டை மாட்டியதும் ராஜா முன்போலவே நின்றார். பார்ப்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. தாங்கள் மட்டும் தரையையே பார்த்தபடி நின்றீர்கள்.

அப்போது அம்மா சொன்னார்: "இதைக் கட்டிவிடும்போது அவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டாரு. கட்டி முடிச்சதும் நான்தான் மோவாயைத் தூக்கிவிடுவேன். அப்புறம்தான் மேடைக்குப் போவாரு. உங்களுக்கு யாருங்க தூக்கிவிடுறது?"

இதைச் சபையில் வாசிக்கலாமா என்று பிறகு அம்மாவிடம் கேட்டோம். "வாசிங்க. ஒளிச்சு ஒளிச்சே அவரு ஓஞ்சு போனாரு" என்றார். இதோ, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

கை நடுங்காமல், கண் மங்காமல், காய்ச்சல் தலைவலி அண்டாமல், வீட்டார் மகிழ, நாங்கள் வந்து தொல்லை தர, நீடு வாழ்க! இவ்வாழ்த்தை வாசிக்கும் வேளையிலும் தாங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பது எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். மடல் முடிந்தது, அண்ணா. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். மேடைக்கு அழைக்கிறோம்.

அன்று கைதட்டியதற்கு வெட்கியும், இன்று கைதட்டக் காத்தும் நிற்கும்
ஆடைக் காட்சிக்கூடப் பணியாளர்கள்