பத்திரப்படி எதிர் வூடு

விருத்தாசலம் பத்திர ஆபீஸ் பெஞ்சில் என் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். கட்டி விற்றவர் இருவரின் வீட்டு நம்பரையும் பத்திரத்தில் மாற்றி எழுதிவிட்டாராம். இளையவர் நீட்டிய பேனாவை மூத்தவர் தொடவேயில்லை.

“பத்திரப்படி நீங்க எங்க வூட்ல இருக்கீங்கக்கா. நாங்க உங்க வூட்ல இருக்கோம்.”

“இத்தினி வருசம் அப்படித்தான இருந்தோம். இப்ப என்னா அவசரம்?”

“மவ பேருக்கு எழுதி வைக்கலாம்னா முடியலக்கா. திருத்தல் பத்திரத்துல நீங்களும் கையெழுத்து போட்டாதான் ஆவும்.”

மூத்தவர் பத்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

“அப்ப எங்க வூட்டுக்காரரு உசுரு போனது உங்க வூட்லயா?”

“பத்திரப்படி அப்படித்தாங்க்கா.”

“கையெழுத்து போட்டா?”

“உங்க வூட்லயே போனதா ஆயிடும்.”

“அடுத்தவங்க வூட்ல அவரு டீ கூட குடிக்க மாட்டாரு. பேனாவக் குடும்மா.”